விட்டு விட்டுக் கேட்கிறது

மார்ச் 3, செவ்வாய்

செல்போன் கடைக்காரம்மா சொன்னதால் எழுதுகிறேன். இல்லையென்றால் ஆஸ்பத்திரியில் வருஷா வருஷம் கொடுக்கிற டைரி வழக்கம்போல அலமாரிக் காலுக்கு முட்டுக்கொடுத்துக்கொண்டு கிடந்திருக்கும்.

"சும்மா 'விட்டு விட்டுக் கேக்குது'ன்னா நான் என்னத்தைண்ணே பாக்குறது? எப்ப விட்டுப்போகுது, அப்ப நீங்க எங்க நிக்கிறீங்க, போன் எங்க இருக்கு... எழுதிட்டு வாங்க" என்றார். ஆஸ்பத்திரியில் இருபத்திரண்டு வருஷமாக இருக்கிறேன். எந்த டாக்டரும் என்னிடம் இவ்வளவு விவரமாக நோய் கேட்டதில்லை.

ஆஸ்பத்திரி என்றால் ஊசி மருந்து இல்லை, சலவைப் பிரிவு. கட்டடத்தின் அடித்தளம். ஏழு இயந்திரங்கள், ஒவ்வொன்றுக்கும் ஆளையே உள்ளே தள்ளித் துவைக்கிற அளவு வயிறு. துவைத்த படுக்கைவிரிப்புகளை ஈரத்தோடு இரும்பு வண்டியில் ஏற்றி, அந்தப் பக்கம் உருளை இஸ்திரிக்குத் தள்ளிக்கொண்டு போவது என் வேலை. நாள் முழுக்க ஈரக்கை. சாயங்காலம் விரல் எல்லாம் கிழவன் விரல். மற்றதும் அந்த வழியில்தான் போகிறது.

அதனால்தான் பாப்பா இந்த இயர்பட்ஸை வாங்கிக் கொடுத்தாள். பாப்பாவுக்கு இருபத்தைந்து வயது. வீட்டில் இன்னும் பாப்பாதான். வேறு ஊரில் ஆடிட்டர் ஆபீஸில் வேலை, விடுதியில் தங்கல், மிச்ச நேரத்தில் ஆடிட்டர் பரீட்சையின் கடைசிக் கட்டத்துக்குப் படிப்பு. காலை பதினோரு மணிக்கு அவளுக்கு டீ இடைவேளை. அப்போது என்னைக் கூப்பிடுவாள். "ஈரக்கையோட போனைத் தொடாதீங்கப்பா. இதைக் காதுல மாட்டிக்கிட்டு வேலையைப் பாருங்க." போனை வாசல் பக்கத்து அலமாரியில் வைத்துவிட்டு, காதில் மாட்டிக்கொண்டு வண்டி தள்ளுகிறேன்.

மூன்று வாரமாகக் கோளாறு. நன்றாகப் பேசிக்கொண்டிருப்பாள், கரகரவென்று இழுக்கும், செத்துவிடும். உயிர் வரும்போது அவள் வேறு விஷயத்தில் இருப்பாள். நடுவில் என்ன சொன்னாய் என்று கேட்டால், "எத்தனை தடவைப்பா சொல்றது" என்று சுருங்கிப் போகிறாள். அதனால் ஒரு உபாயம் வைத்திருக்கிறேன். சத்தம் நின்ற இடத்தில் உம் கொட்டிக்கொண்டே இருப்பேன். உம்... உம்... சரிம்மா... அப்படியா. திரும்ப வரும்போது பேச்சு எங்கே போகிறதோ அங்கே தொற்றிக்கொள்வேன், ஓடுகிற பஸ்ஸில் ஏறுகிற மாதிரி. இதுவரை விழவில்லை.

இன்று: 11.04, 11.07, 11.13. மூன்று தடவையும் நான் இஸ்திரிப் பக்கம் நின்றேன்.

மார்ச் 5, வியாழன்

11.05 விட்டது. 11.09 விட்டது. 11.16 அவளே வைத்துவிட்டாள். இதை எந்தக் கணக்கில் எழுதுவது?

மார்ச் 7, சனி

கடைக்குப் போனேன். சின்னக் கடை, இரண்டு பேர் நின்றால் மூன்றாவது ஆள் ரோட்டில் நிற்க வேண்டும். கடைக்காரம்மாவுக்கு நாற்பது வயதிருக்கும். கண்ணில் பூதக்கண்ணாடி மாட்டிக்கொண்டு நிமிர்ந்தால் ஒரு கண் மட்டும் ஆந்தைக் கண்ணாகத் தெரியும்.

முதலில் இயர்பட்ஸைக் கவிழ்த்துப் பார்த்துவிட்டு என்னையும் ஒரு பார்வை பார்த்தார். ஊசி முனையால் வலையில் இருந்த அழுக்கை எடுத்தார். எனக்கு மானம் போய்விட்டது. அத்தனையும் என் காதுக் குறும்பி. பிறகு போனில் இருந்து பேரை அழித்தார், இயர்பட்ஸை வைக்கிற டப்பாவின் பொத்தானைப் பத்து எண்ணும்வரை அமுக்கினார், திரும்ப ஜோடி சேர்த்தார். ப்ளூடூத்தில் அதற்கு ஜோடி சேர்ப்பது என்றுதான் பேராம்.

"வேற எந்த போன்லயாவது ஜோடி சேர்த்திருக்கீங்களா?"

"ஒரே ஜோடிதாம்மா. இருபத்தேழு வருஷமா."

அவர் சிரிக்கவில்லை. தினமும் பத்துப் பேர் இதே ஜோக்கைச் சொல்வார்கள் போலிருக்கிறது.

மார்ச் 9, திங்கள்

சரியாகவில்லை. 11.03, 11.08, 11.11. இஸ்திரிப் பக்கம், இஸ்திரிப் பக்கம், இஸ்திரிப் பக்கம்.

உருளை இஸ்திரியில் இருப்பவரை நாங்கள் எல்லோரும் இஸ்திரி என்றே கூப்பிடுகிறோம். அவர் என்னைக் கூப்பிடுவது ஆடிட்டரப்பா. அந்தப் பட்டத்தை நானே வாங்கிக் கட்டிக்கொண்டேன். பாப்பா முதல் கட்டம் பாஸானபோது மிட்டாய் கொடுத்துவிட்டு வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், "இன்னும் ரெண்டே வருஷம், ஆடிட்டர்" என்று சொல்லிவிட்டேன். நாலு வருஷம் ஆகிறது. கடைசிக் கட்டத்தில் இரண்டு தடவை போய்விட்டது. அடித்தளத்தில் யாரும் அதைக் கேட்பதில்லை, பட்டத்தையும் யாரும் திரும்ப வாங்கவில்லை.

"ஆடிட்டரப்பா, காதுல வெச்சுக்கிட்டு 'உம் உம்'னு முனகுறியே, வயித்து வலியா?" என்றார் இன்று.

மார்ச் 10, செவ்வாய்

மனைவி, கோளாறு கருவியில் இல்லை, என் காதில்தான் என்கிறாள். "நான் கூப்பிட்டாலும்தான் விட்டு விட்டுக் கேக்குது உங்களுக்கு." மேல்மாடியில் காது சோதிக்கும் அறையில் எனக்குத் தெரிந்த நர்ஸம்மா இருக்கிறார். மதிய இடைவேளையில் போனேன். கண்ணாடிப் பெட்டிக்குள் உட்கார வைத்து, சத்தம் கேட்டால் கையைத் தூக்கச் சொன்னார். தூக்கினேன், தூக்கினேன், தூக்கிக்கொண்டே இருந்தேன்.

காது பிரமாதமாம். சலவைப் பிரிவில் இப்படி ஒரு காதா என்று ஆச்சரியப்பட்டார். வீட்டில் சொன்னேன். "அப்ப வேணும்னேதான் கேக்காம இருக்கீங்க" என்றாள். அதற்குச் சோதிக்காமலேயே இருந்திருக்கலாம்.

மார்ச் 12, வியாழன்

11.02 விட்டது, வந்தது. 11.06 விட்டது, ரொம்ப நேரம். நான் உம் கொட்டிக்கொண்டிருந்தேன். வந்தபோது அவள், "...விட்டுட்டேன்பா" என்று முடித்தாள். குரல் நசுங்கிக் கிடந்தது.

எனக்குக் கஷ்டமாகிவிட்டது. லைன் விட்டுப்போனதற்குப் போய் இப்படியா? "பரவாயில்லம்மா, எனக்கும்தான் விட்டு விட்டுப் போகுது. இதுக்கா குரல் இப்படிப் போகுது? விடு, பாத்துக்கலாம்."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. மறுபடி போய்விட்டது என்று நினைத்தேன். "நிஜமாவாப்பா?" என்றாள்.

"அட, இது ஒரு பெரிய விஷயமா!"

மூக்கை உறிஞ்சினாள். சளி போலிருக்கிறது. வெந்நீர் குடி என்றேன். சரிப்பா, சரிப்பா என்று இரண்டு தடவை சொல்லிவிட்டு வைத்தாள். இவ்வளவு தன்மையாக அவள் வைத்து எத்தனை நாள் ஆகிறது! இன்றைக்குப் பஸ்ஸில் நன்றாகவே ஏறிவிட்டேன்.

மார்ச் 13, வெள்ளி

வீட்டில் என்னமோ நடக்கிறது. நான் கேட்காமல் இரண்டாவது காபி வந்தது. சட்டைக்குப் பொத்தான் தைத்திருக்கிறது. போன மாதம் முழுக்க நான் கெஞ்சிய பொத்தான். முட்டையில் பெரியது என் தட்டில். "என்ன விசேஷம்?" என்றேன். "ஒண்ணுமில்ல. நீங்க நல்லவருன்னு தோணுச்சு" என்றாள்.

இருபத்தேழு வருஷம் கழித்து எப்படித் தோன்றியது? பயமாக இருக்கிறது.

மார்ச் 14, சனி

கடைக்காரம்மா என் குறிப்பை எல்லாம் படித்தார். உம் கொட்டுவது, காதுச் சோதனை எதையும் விடவில்லை. நான் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"அந்த வண்டியில என்ன இருக்கும்?"

"ஈரத் துணிம்மா. நூறு விரிப்பு."

"அதான். போன் வாசல்ல, நீங்க அந்தக் கோடியில, நடுவுல ஒரு வண்டித் தண்ணி. சிக்னலைத் தண்ணி குடிச்சிடும்ணே. போனைச் சட்டைப் பையில வெச்சுக்கங்க, பிளாஸ்டிக் உறை போட்டு. பின் பையில வெக்காதீங்க. மனுஷன் உடம்பும் பாதிக்கு மேல தண்ணிதான்."

"அப்ப நானே மறைப்பேனா?"

"நீங்கதான் குறுக்க நிக்கிறீங்க. நல்ல கனமான உடம்பு வேற."

வீட்டிலும் விட்டுப்போகிறதே, அங்கே ஏது ஈரத்துணி என்று கேட்டேன். மறுபடியும் அதே கேள்வி: வேறு எந்த போனாவது? இல்லவே இல்லை என்று சத்தியம் செய்யாத குறை. "வீட்டுலயும் எழுதுங்க" என்று டைரியைத் திருப்பிக் கொடுத்தார்.

மார்ச் 15, ஞாயிறு

எழுதக் கை வரவில்லை. எழுதியாக வேண்டும்.

காலையில் காதில் மாட்டிக்கொண்டு செய்தி கேட்டபடி கூடத்தில் செருப்பு தைத்துக்கொண்டிருந்தேன். இவள் சமையலறையில். 9.40க்குச் செய்தி விட்டுப்போனது. சரி, மணி பார்த்து எழுதலாம் என்று பேனாவை எடுத்தேன். காதுக்குள் பாப்பா பேசினாள்.

என்னோடு இல்லை. "அம்மா..." என்று ஆரம்பித்தாள்.

"அம்மா, அப்பாகிட்ட சொல்லிட்டேன். பரீட்சைக்குப் படிவம் அனுப்பல, கடைசித் தேதி போயிடுச்சு, இனிமே எழுதப்போறதும் இல்ல, விட்டுட்டேன்பான்னு சொன்னேன். நீ பயந்த மாதிரி கத்தவே இல்லம்மா. பரவாயில்லம்மா, விடுன்னாரு. இது ஒரு பெரிய விஷயமான்னு கேக்குறாரு. ரெண்டு வருஷமா இந்த மனுஷனுக்கா பயந்தோம்னு எனக்கு அழுகையே வந்துடுச்சு."

சமையலறையில் இவள் போனைத் தட்டுகிற சத்தம். "என்னடா இது, சத்தமே வர மாட்டேங்குது!" திரும்ப அமுக்கினாள். எனக்குத் திரும்பக் கேட்டது. மூன்றாவது தடவையும் அமுக்கினாள். பேனாவைப் பிடித்தபடியே மூன்று தடவையும் ஒரு எழுத்து விடாமல் கேட்டேன். காது பிரமாதம் என்று நர்ஸம்மா சொன்னது உண்மைதான்.

வியாழக்கிழமை வந்த குரல் பதிவாம். தினமும் எடுத்துக் கேட்பாளாம். இயர்பட்ஸை எப்போது உன் போனில் சேர்த்தாய் என்று மட்டும் கேட்டேன். "நீங்க தூங்குறப்போ நாடகம் பாக்க ஒரு நாள் சேர்த்தேன், ஏன்?" அதுதான் வீட்டுக் கோளாறு. அவள் போனில் சத்தம் வந்தால் என் காது அங்கே ஓடிவிடுகிறது. கண்டுபிடித்துவிட்டேன். கைதட்டுங்கள்.

விட்டுட்டாளாம். விட்டுட்டா. ஒரு வார்த்தை கேக்காம. நாலு வருஷம். நான் அந்த ஆவியில வெந்து... யாரைக் கேட்டு விட்டே? என்னைக் கேட்டுத்தான் விட்டிருக்கா! நான்தான் பரவாயில்லன்னேன். நான்தான் விடுன்னேன். வெந்நீர் குடின்னு வேற சொல்லியிருக்கேன், முட்டாள்.

போனை எடுத்தேன். கத்தலாம் என்று. எதைச் சொல்லிக் கத்துவது? கத்தாத அப்பா என்று அம்மாவுக்கும் மகளுக்கும் நடுவில் என் பேர் மூன்று நாளாக ஓடிக்கொண்டிருக்கிறது. சட்டையில் புதுப் பொத்தான் வேறு.

செருப்பைத் தைத்து முடித்தேன். இடதுக்கு வலதின் வாரைத் தைத்திருக்கிறேன்.

மார்ச் 16, திங்கள்

போன் சட்டைப் பையில், பிளாஸ்டிக் உறையில். வண்டி குறுக்கே வந்தாலும் விடவில்லை. நல்ல நாள் பார்த்துத்தான் இது சரியாகியிருக்கிறது.

வைத்துவிடலாம் என்று பார்த்தேன். அவள் விடவில்லை. எனக்கு எல்லாம் தெரியும் என்று நினைத்துக்கொண்டு பேசுகிறாள். இப்படி அவள் என்னிடம் பேசியதே இல்லை. இரண்டாவது தடவை பரீட்சைக் கூடத்தில் கேள்வித்தாளைப் பார்த்தாளாம், எழுத்து தெரிந்ததாம், படிக்க முடியவில்லையாம். பேர், எண் எழுதிவிட்டு மூன்று மணி நேரம் உட்கார்ந்தே இருந்திருக்கிறாள். எனக்கு அன்றைக்குச் சொன்னது, "பேப்பர் கஷ்டம்பா." அவ்வளவுதான்.

"உங்களுக்கு எப்படிச் சொல்றதுன்னுதான்பா. உங்களை அங்க ஆடிட்டரப்பான்னு கூப்பிடுறாங்கல்ல, அது ஞாபகம் வந்துக்கிட்டே இருந்துச்சு."

எல்லாம் கேட்டது. ஒன்றுகூட விடாமல் கேட்டது. என் வாயில் வந்தது உம் மட்டும்தான்.

அவள் வைத்த பிறகு இஸ்திரி கேட்டார், "பரீட்சை எப்ப ஆடிட்டரப்பா?" மே மாசம் என்றேன்.

மார்ச் 18, புதன்

இன்றும் லைன் விடவில்லை. நின்று கேட்டதில் கால் வலிக்கிறது.

மார்ச் 21, சனி

மனைவியிடம் சொல்லிவிட்டேன். நான் லைனுக்குத்தான் பரவாயில்லை என்றேன், படிப்புக்கு இல்லை என்று. முதலில் புரியவில்லை. புரிந்ததும் சிரித்தாள், கரண்டியைக் கீழே வைத்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு. "அதானே பார்த்தேன்! உங்களுக்காவது, பெரிய மனசாவது!" பிறகு சிரிப்பு நின்றது. கண்ணைத் துடைத்துக்கொண்டாள், அது சிரிப்பில் வந்த கண்ணீர் மாதிரி இல்லை.

"அவகிட்ட சொல்லிடாதீங்க. புள்ள இப்பதான் நல்லாத் தூங்குறா."

"அவளை ஏமாத்துறோமே."

"நீங்க உம் கொட்டி ஏமாத்துனது எத்தனை நாள்? இன்னும் கொஞ்ச நாள் கொட்டுங்க."

அடுத்த வாரம் பாப்பா வருகிறாள்.

மார்ச் 28, சனி

காலைப் பஸ்ஸில் வந்தாள். இளைத்திருக்கிறாள், ஆனால் முகம் தெளிவு. வந்ததும் என் பக்கத்தில் உட்கார்ந்து, தோளில் சாய்ந்தாள். பத்து வயதுக்குப் பிறகு சாய்ந்ததில்லை. அந்தத் தோள் எனக்கே அந்நியமாக இருந்தது. அது வேறு எவனோ ஒரு நல்ல அப்பாவின் தோள்.

மதியம் துணி மடித்துக்கொண்டிருந்தோம். வீட்டுத் துணியையும் நான்தான் மடிப்பேன், பழக்கதோஷம். அவள் ஒரு முனை, நான் ஒரு முனை. "நீங்க மட்டும் அன்னிக்கு அப்படிச் சொல்லலேன்னா..." என்று ஆரம்பித்தாள். சொல்லிவிட்டேன். அன்றைக்கு எனக்குக் கேட்கவே இல்லை என்று. நீ லைனைச் சொல்கிறாய் என்று நினைத்தேன் என்று.

போர்வையின் முனையைப் பிடித்தபடியே நின்றாள்.

"அப்ப அந்தப் பரவாயில்ல எனக்கு இல்ல. இயர்பட்ஸுக்கு."

"பாப்பா..."

"கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பீங்க?"

பொய் சொல்லியிருக்கலாம். இரண்டு வாரம் சொன்னேனே, இன்னும் ஒன்று. "கத்தியிருப்பேன்" என்றேன்.

"இப்ப?"

வாய் திறக்கவில்லை. உம் கூட வரவில்லை. எத்தனை வரை எண்ணினாளோ தெரியாது, போர்வையை மடித்து என் கையில் வைத்துவிட்டு உள்ளே போனாள். ஒழுங்காகத்தான் மடித்திருந்தாள்.

சமையலறையில் இருந்து இவள் பார்த்த பார்வையை எழுத இந்தப் பக்கம் போதாது.

மார்ச் 29, ஞாயிறு

மதியமே கிளம்பிவிட்டாள். பஸ் நிலையத்தில் பையை மேலே வைத்துக் கொடுத்தேன். "வரேன்பா" என்றாள். வேறு பேச்சு இல்லை. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்தாள், இந்தப் பக்கம் நான் நின்றேன், நடுவில் என்ன தண்ணி?

ஏப்ரல் 1, புதன்

பதினோரு மணி. லைன் சுத்தம். கூப்பிடத்தான் ஆளில்லை.

ஏப்ரல் 3, வெள்ளி

இன்றும் இல்லை. அம்மாவோடு பேசுகிறாள். சாப்பிட்டாளாம், நன்றாக இருக்கிறாளாம். எனக்கு வருகிற செய்தி எல்லாம் துவைத்துப் பிழிந்து வருகிறது.

வண்டி தள்ளும்போது யோசித்தேன். இப்ப? என்று கேட்டாளே. எனக்கு ஏன் பதில் வரவில்லை? அவள் ஆடிட்டர் ஆகாவிட்டால் எனக்கு என்ன குறையும்? ஆவி குறையாது, துணி குறையாது. இஸ்திரி என்னைக் கூப்பிடுகிற பேர் குறையும். அதுதான். அந்த ஒரு பேருக்காக ஒரு பிள்ளை மூன்று மணி நேரம் வெள்ளைத்தாளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. எழுதிப் பார்த்தால் எவ்வளவு அற்பமாக இருக்கிறது. ஆனால் அடித்தளத்தில் இருக்கிறவனுக்கு மேலே இருந்து ஒரு பேர் வந்தால்... போதும், இதெல்லாம் சாக்கு.

ஏப்ரல் 4, சனி

இஸ்திரியிடம் சொன்னேன். விரிப்பின் ஒரு முனையை அவரிடம் கொடுத்துக்கொண்டே, முகத்தைப் பார்க்காமல். "பாப்பா பரீட்சையை விட்டுட்டா. எழுதல. இனிமே எழுத மாட்டா."

உருளை சுற்றிக்கொண்டே இருந்தது. இரண்டு விரிப்பு போன பிறகு, "உடம்பு நல்லா இருக்குல்ல அவளுக்கு?" என்றார்.

"இருக்கு."

"அப்ப சரி." இன்னொரு விரிப்பு. "அது சரி, உன்னை இனிமே என்னன்னு கூப்பிடுறது? உன் பேரே எனக்கு மறந்துபோச்சு."

சிரித்துவிட்டேன். நாலு வருஷமாக நான் பயந்தது இதற்குத்தான். ஐந்து விரிப்பு நேரம்கூட ஆகவில்லை.

ஏப்ரல் 6, திங்கள்

பதினோரு மணிக்கு நானே கூப்பிட்டேன். கையைத் துடைத்துவிட்டு, பின்பக்க வாசலுக்குப் போய், இயர்பட்ஸைக் கழற்றிப் பையில் போட்டுவிட்டு, போனைக் காதில் வைத்து.

எடுத்தாள். "சொல்லுங்க."

"பாப்பா, நீ கேட்டதுக்குப் பதில் சொல்லக் கூப்பிட்டேன். இப்ப... பரவாயில்ல. படிப்பு போனா போகட்டும். இது லைனுக்கு இல்ல, உனக்கு."

நான் உம் கொட்டவில்லை. காத்திருந்தேன்.

"நான் சொல்றதைத் திருப்பிச் சொல்லுங்க" என்றாள், வாத்தியாரம்மா மாதிரி. "பரீட்சை எழுத மாட்டேன்."

"பரீட்சை எழுத மாட்டே."

"அம்மா சொன்னாங்கன்னு கூப்பிடுறீங்களா?"

"அம்மா சொன்னாங்கன்னு... இல்லம்மா! நானாத்தான். உங்கம்மாவுக்குத் தெரியவே தெரியாது."

"ஆபீஸையும் விடப்போறேன்."

"ஆபீஸையும்... இது எப்ப இருந்து?"

"திருப்பிச் சொல்லுங்கப்பா."

"விடப்போறே" என்றேன்.

"விடுதிப் பக்கத்துல ஒரு டிரைவிங் ஸ்கூல் இருக்கு. ஒரு அக்கா நடத்துறாங்க. பொம்பளைங்களுக்கு மட்டும். போன வருஷம் அங்கதான் ஓட்டக் கத்துக்கிட்டேன். கத்துக்குடுக்க வரியான்னு கேட்டாங்க. போகப்போறேன்."

"உனக்குக் கார் ஓட்டத் தெரியுமா?"

"சொன்னேன்பா. போன வருஷமே சொன்னேன். நீங்க உம்னு சொன்னீங்க."

இந்தத் தடவை முழுசாகத் திருப்பிச் சொன்னேன். விடுதி, அக்கா, பொம்பளைங்க, கார். ஒரு இடத்தில் தப்பாகச் சொன்னேன், திருத்தினாள். கோபம் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். வைக்கும்போது, "பிடிக்கலைன்னா பிடிக்கலைன்னு சொல்லுங்கப்பா, உம் வேணாம்" என்றாள்.

"எனக்குக் கொஞ்சம் பிடிக்கலதான்" என்றேன். "ஆனா நீ போ."

"சரிப்பா" என்றாள். குரல் சிரித்ததா, பெருமூச்சு விட்டதா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. திரும்பிப் போனபோது வண்டி நிரம்பிக் காத்துக்கொண்டிருந்தது.

ஏப்ரல் 22, புதன்

11.10 கூப்பிட்டாள். ஐந்து நிமிஷம்.

ஜூன் 17, புதன்

ஆஸ்பத்திரியில் ஊழியர்களின் குடும்ப விவரம் புதுப்பிக்கிறார்கள். நாலாவது மாடி அலுவலகம், குளிர்சாதனம், எனக்கு அங்கே போனாலே தும்மல் வரும். எழுத்தர் வயதான மனுஷர், மூக்குக்கண்ணாடிக்கு மேலே பார்ப்பவர். மகள், வயது, கல்வி என்று கேட்டுக்கொண்டே வந்தார். தொழில் என்ற கட்டத்தில், "ஆடிட்டர்தானே?" என்று அவரே எழுதப்போனார். நாலாவது மாடி வரைக்கும் பரப்பியிருக்கிறேன்!

"இல்லைங்க. டிரைவிங் ஸ்கூல்ல சொல்லிக் குடுக்கிறா."

அவர் நிமிர்ந்து பார்த்தார். பார்க்கட்டும் என்று நின்றேன். எழுதிக்கொண்டார். "அவங்களுக்கு அங்க தனியா மருத்துவ அட்டை உண்டா?" எனக்குத் தெரியவில்லை. அங்கேயே கூப்பிட்டேன்.

"அதெல்லாம் வந்துடுச்சுப்பா, சாயங்காலம் போட்டோ எடுத்து... அக்கா, அது பிரேக் இல்ல! இடது பக்கம், இடது பக்கம்! மிதிங்க! அப்பா, வெக்கிறேன்!"

குளிர்சாதன அறை முழுக்கக் கேட்டிருக்கும். எழுத்தர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "ஐயையோ, என்னங்க ஆச்சு?"

"ஒண்ணும் ஆகலைங்க" என்றேன். "வேலையில இருக்கா."